எடைக்கு ஒரு வாசல்

பேச்சிகனி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், காவல் போட்டா வீடு நல்லாத்தான இருக்கணும்? எனக்கு மட்டும் ஏன் வீடே இடிஞ்சு விழுது?"

ஜெசிந்தா டீச்சர் வயதில் அவளுக்கு இளையவள். பால்வாடிக்கு வந்த கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதச் சொல்லித்தர சனிக்கிழமைதோறும் டவுனிலிருந்து வருவாள். பேச்சிகனி அங்கே ஆயா.

"என்ன இடிஞ்சுது அக்கா?"

போன மாசம் 12.1 கிலோ பிள்ளைக்கு யாரோ புள்ளியை விட்டுவிட்டு 121 என்று அடித்துவிட்டார்கள். தெருவே சிரித்தது. "எம்மவனக் கட்டிப்போட சங்கிலி தருவீங்களா?" என்று அவன் அம்மா வந்து கேட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கம்ப்யூட்டரைத் தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்று சாயங்காலம் பார்க்க வருகிறார்கள்.

கம்ப்யூட்டர் போனால் கிளாசும் போகும். வாரம் முழுக்க பேச்சிகனி காத்திருப்பதே இந்த ஒரு மத்தியானத்துக்குத்தான்.

அதனால் எடையைச் சரிபார்க்க அவள் புரோகிராமில் ஒரு காவல் வைத்தாள். டீச்சர் ஏற்கெனவே விவரம் போட்டு வைக்க 'ஆள்' என்று ஓர் அச்சு எழுதித் தந்திருந்தாள். பெயரோ எடையோ, எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். அதன்மேல் பேச்சிகனி 'பிள்ளை' என்று தன் அச்சைக் கட்டினாள். பிள்ளைக்குள் எந்த விவரம் போனாலும் காவலைக் கேட்டுத்தான் போகணும். காவல் பார்க்கும். சரியென்றால் காவலே பிள்ளைக்குள் வைக்கும்.

"ஓட விட்டா சுத்து சுத்துன்னு சுத்தி, மூச்சு முட்டி நின்னுருது டீச்சர்."

டீச்சர் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. கீரைத் தட்டைத் தூக்கினாள்.

"சாமான் ரூம் வாசல்ல போய் நில்லுங்க. உள்ள எது போனாலும் வாசக்காரிகிட்ட குடுத்துட்டுத்தான் போகணும். நீங்கதான் வாசக்காரி."

பேச்சிகனி போய் நின்றாள். தட்டு வந்தது. ஒரு பழுத்த இலையைப் பொறுக்கி எறிந்தாள். தட்டோடு உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"நில்லுங்க. உள்ள என்ன போகுது?"

"கீரை."

"யாருகிட்ட குடுத்துட்டுப் போகணும்?"

"என்கிட்ட."

"குடுங்க."

வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். பார்த்தாள். காலை எடுத்தாள்.

"நில்லுங்க. உள்ள என்ன போகுது?"

"அதே கீரைதான் டீச்சர்."

"குடுங்க."

இடது கையிலிருந்து வலது கைக்கு. மறுபடி கால். மறுபடி நில்லுங்க. பாயில் தூக்கம் வராமல் கிடந்த பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தன. பேச்சிகனிக்கும் சிரிப்பு முட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விடிஞ்சாலும் இது உள்ள போகாது டீச்சர்."

"போகாது."

சாமான் ரூமுக்குள் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த சமையல்கார உலகம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, பாத்தாச்சுல்லா? பெறவு எதுக்கு நீ உள்ள வார? அங்கன நின்னே நீட்டு. நீ காவலுக்கு வரமுந்தியே வாங்கி வச்சிக்கிட்டிருந்தவதான நானு?"

பேச்சிகனி கையை நீட்டினாள்.

தட்டு உள்ளே போய்விட்டது.

வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டருக்கு ஓடினாள்.

காவலின் கடைசி வரியை அழித்தாள். காவல் பிள்ளைக்குள் வைக்காமல், 'ஆள்' அச்சிடம் கொடுத்து வைக்கச் சொல்லும்படி ஒரு வரி எழுதினாள். 121 என்று அடித்தாள்.

'இந்த எடை செல்லாது' என்றது.

12.1 என்று அடித்தாள்.

சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது.

"வரட்டும் சாயங்காலம்" என்றாள் டீச்சர். "வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

பேச்சிகனிக்குக் காது வரை சிவந்தது. பெரிய ஆட்கள் முன்னால் அவள் வாயே திறந்ததில்லை. ஆனாலும் இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசல்ல நிக்கறவ இருக்காள்லா டீச்சர்..."

"ஏ பேச்சி" என்று பின்கட்டிலிருந்து உலகம்மையின் குரல். "ஒம்மவ எடை மிஷின்ல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கா. இங்க வந்து என்னன்னு கேளு."

பேச்சிகனி சிரித்துக்கொண்டே எழுந்து ஓடினாள். பாதி வழியில் திரும்பி, "அந்த வாசக்காரி பாக்கலாம், வேண்டாங்கலாம், ஆனா உள்ள வைக்கணும்னா அவளுக்கு முந்தியே உள்ள இருக்கறவகிட்டத்தான் நீட்டணும்" என்றாள்.