எட்டு மணி நேர வயசு

இசையமைப்பாளர் மகுடபதி ஒலிப்பதிவு அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தினக்கூலிக்கு வாசிக்கும் தவசீலனின் கிட்டார் பதிவு அவருக்குப் பிடிக்கவில்லை.

“புது எலெக்ட்ரிக் கிட்டார்யா இது. பச்சைக் குழந்தை மாதிரி கத்துது. நாற்பது வருஷமாவது பழகின மரம் வேணும். சாயங்காலத்துக்குள்ள இதுக்கு வயசேத்து. இல்லேன்னா நாளைக்கு வேற ஆள்.”

“ஏத்திடறேன் சார்.”

மாலையில் வந்தவர், இருப்புக்கொள்ளாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்களை மூடினார். ஸ்பீக்கரில் கிட்டார் ஒலித்தது.

“ஆகா! இதான்யா வயசு! மரம் பேசுது பார்!”

கண்ணைத் திறந்தார். கிட்டார் பெட்டிக்குள் கிடந்தது. தவசீலன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“காலையில நீங்க வேண்டாம்னு தள்ளின பதிவுதான் சார். எட்டு மணி நேரம் வயசாயிருக்கு. நாளைக்கு நான் வரட்டுமா?”