வௌவாலுக்குப் பதில் ஆள்

கொம்பையூர் ராஜா கட்டியதேவர் புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு அரண்மனை இலுப்பைத் தோப்பில் உலாவினார். நேரம் பாருங்கள், மேலே தொங்கிய வௌவால் ஒன்று எச்சம் போட்டது. தலைப்பாகைக்கு நட்டநடுவில்!

"வேட்டுப் போட்டு எல்லாவற்றையும் விரட்டுங்கள்!" என்று ராஜா குதித்தார். கூட நின்ற தளவாய் சூரப்பருக்கு ஒரே குஷி. யாரையாவது விரட்டச் சொன்னால் போதும், அவருக்குச் சோறே வேண்டாம்.

அரசவை மதியூகி திருமேனியும் உடன் இருந்தார்; அவருக்கு இது சரியாகப் படவில்லை. இந்த வௌவால்கள் ஊர் முழுக்க இலுப்பைப் பழம் தின்றுவிட்டு, கொட்டையைத் தோப்பில் வந்து துப்பும். காலையில் பெண்கள் பொறுக்கிச் செக்கில் கொடுப்பார்கள். கோயில் விளக்கிலிருந்து திருமேனி வீட்டு விளக்குவரை அந்த எண்ணெய்தான். வௌவால் போனால் ஊரே இருட்டு.

"தாராளமாக விரட்டலாம், மகாராஜா," என்றார் திருமேனி. "ஆனால் நம் அரண்மனை வழக்கம் இருக்கிறதே? ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், பதில் ஆள் அதே வேலையைத் தங்கள் முன்னால் செய்து காட்டவேண்டும். அப்புறம்தான் பழைய ஆள் போகலாம்."

"வௌவாலுக்கு அரண்மனையில் என்னய்யா வேலை?"

"விளக்குக்கு இலுப்பைக்கொட்டை கொண்டுவருவது."

"இதெல்லாம் ஒரு வேலையா? நானே செய்கிறேன்!" என்று தளவாய் மீசையை முறுக்கினார்.

"கூடை கூடாது, தொரட்டி கூடாது," என்றார் திருமேனி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நுனிக்கிளைக்குப் போய்ப் பழத்தை வாயால் பறித்து, சதையைத் தின்று, கொட்டையைத் துப்பவேண்டும். அவை அப்படித்தான் செய்கின்றன."

தளவாய் ஏறினார். தின்றார், துப்பினார். நாலு கொட்டை விழுவதற்குள் கிளை முறிந்தது. இடுப்புக் கச்சை கீழ்க்கிளையில் சிக்கிக்கொள்ள, தலைகீழாகத் தொங்கினார்.

"வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்," என்றார் திருமேனி.

ராஜா கொட்டைகளைப் பார்த்தார். தளவாயைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி. வௌவால்கள் என் தோப்பில் இருக்க அனுமதி கொடுத்தேன்."

"இந்தத் தோப்பை நட்டது எந்த மகாராஜா?" என்று கேட்டார் திருமேனி.

"யாரும் நடவில்லை. தானாக முளைத்தது."

"அவை துப்பிய கொட்டையில் முளைத்தது, பிரபு. அனுமதி கொடுக்கவேண்டியது அவைதான். நாம் இங்கே இருக்கலாமா என்று கேட்டுப் பார்க்கட்டுமா?"

வாய்விட்டுச் சிரிக்கப்போன ராஜா, மேலே பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். மோதிரத்தைக் கழற்றித் திருமேனி கையில் வைத்தார்.

"சாயங்காலம் கேளும்," என்றார் மெல்ல. "இப்போது தூங்குகிறார்கள்."