ஏழாவது பாதையின் ஓக் மரம்

இதை முதலில் எனக்குச் சொன்னது என் இளைய மகன் செல்வின். போன கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவன், அடுப்படியில் நின்று முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னான். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் அவனுக்குப் புல் வெட்டும் வேலை.

பூங்கா மாதிரி மைதானமாம். பெரிய பெரிய மரங்கள், நடுவில் சீப்பு வைத்து வாரியதுபோல் புல். மேடையிலிருந்து பந்தை அடித்து, தூரத்தில் கொடி நட்ட குழியில் விழவைக்கும் பாதைகள் பதினெட்டு.

அதைப் புதிதாக மாற்றி வடிவமைக்கிறவர் தவமலர், யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் தொழில் கற்க வந்தவர் ஞானதாஸ், நம் நாகர்கோவில் பக்கம். சீடருக்குத்தான் வயது அதிகம்.

ஒரு நாள் சீடர் வந்து நின்றார்.

“டீச்சர், அந்த ஓக் மரத்தை வெட்டியே ஆகணும்.”

“ஏன், உங்களுக்கு அடிச்சுப்போட்டுதோ?”

“முதல்முதலா என்னை நம்பி ஏழாவது பாதையைக் கொடுத்தீங்க. பந்தை அடிக்கிற மேடையில நின்னா, குழியில நிக்கிற கொடியே தெரியல. குறுக்க மரம். எப்படி வரைஞ்சாலும் அதுலதான் முட்டுது. நாளைக்கு ரம்பத்தோட ஆள் வருது. நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

“சாப்பிட்டனீங்களோ, அண்ணை?”

“நான் மரத்தைப் பத்திக் கேக்கேன்.”

“நான் சாப்பாட்டைப் பற்றிக் கேக்கிறன். வாங்கோ.”

தவமலர் சுற்று வழியில் வண்டியை ஓட்டி, கொடி நிற்கும் இடத்துக்கே கூட்டிப் போனார். புல்லில் உட்கார்ந்தார்கள். இடியப்பமும் சம்பலும்.

தவமலர் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

“வண்டி அந்தப் பக்கம், டீச்சர்.”

“நடப்பம்.”

கொடியை முதுகுக்குப் பின்னால் விட்டு, மேடையைப் பார்த்து நடந்தார்கள். பந்து வரும் திசைக்கு எதிராக.

ஞானதாஸ் கால் தேய நடந்த பாதைதான். ஆனால் அவர் எப்போதும் மேடையிலிருந்துதான் தொடங்குவார்.

மரத்தடியில் நின்றுவிட்டார்.

மரத்துக்கு ஒரு பக்கமாக, விரித்துப் போட்ட பாய்போல் புல்வெளி அகலமாய் இறங்கிப் போனது.

“இந்த வெளி அங்கேருந்து தெரியவே இல்லையே!”

“எங்கயிருந்து?”

“மேடையிலேருந்து.”

“மேடையை ஆர் அங்க வச்சது?”



மேடைக்கு இன்னும் மண் போடவில்லை. நான்கு மூலைக்கும் முளை அடித்திருந்தது, அவ்வளவுதான். ஞானதாஸ் வேகமாக நடந்து போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கையில் அள்ளிக்கொண்டு புல்வெளி முடியும் இடத்துக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

தூரத்தில் கொடி ஆடிக்கொண்டிருந்தது. மரம் அதற்கு ஓரமாக, வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரர்போல் நின்றது.

முளையை அடித்து முடித்ததும் கேட்டார்.

“ரம்பத்தோட வர்ற ஆள்கிட்ட என்ன சொல்ல, டீச்சர்?”

“நாளைக்கும் இடியப்பம்தான் அவிக்கிறன். இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கோ.”

செல்வின் சொன்னது இவ்வளவுதான்.

கதை கேட்டீர்களே, நீங்கள் போகும்போது, ஜன்னலோரம் நான் உட்கார்ந்து ஜெபம் பண்ணும் அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுப் போங்கள். அங்கே இருந்தால் எதிர்வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரிகிறது.