யாரையும் அறியாத ஆன்டிபாடி

ஷாஹிதாவிடம் பாடம் கேட்டவர்களில் மூத்தவர் எபநேசர். ஷாஹிதாவை விடவே வயதில் பெரியவர். ஷாஹிதாவின் ஆய்வுக்கூடம் இருந்த அதே மருத்துவமனையின் ரத்த வங்கியில் பல காலம் டாக்டராக இருந்துவிட்டு, புதிய இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாணவராகிவிடுவார்.

“மேடம், உள்ள வரலாமா?”

“வாங்க சார். கேக்காம வந்தா கடிச்சா வைக்கப் போறேன்?”

அந்த இயந்திரத்தின் வேலை இதுதான். ரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் லேசர் வெளிச்சத்தை அடிக்கும். தேடுகிற ரிசெப்டர், அதாவது கொக்கி போன்ற ஒரு புரதம், அணுவின் மேல் இருந்தால், அதை மட்டுமே அறிந்து ஒட்டுகிற, சாயம் ஏற்றிய ஆன்டிபாடி அதில் போய் ஒட்டியிருக்கும். அணு பச்சையாக மின்னும். ரிசெப்டர் இல்லையென்றால் இருட்டாகக் கடந்துபோகும்.

ஒரு நாள் காலையில் எபநேசர் வாசலில் கேட்காமலேயே உள்ளே வந்தார்.

“மேடம், குற்றாலலிங்கம் சொன்னது தப்பு!”

குற்றாலலிங்கம் குழந்தைகள் வார்டு டாக்டர். முந்தின நாள் மாலை ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தை அனுப்பியிருந்தார். தொப்புள்கொடி விழவே நாளானதாம். உடம்பில் புண் மாற்றிப் புண். எதுவும் ஆறவில்லை, ஆனால் எதிலும் சீழ் இல்லை. வெள்ளை அணுக்கள் புண்ணுக்குப் போய்ச் சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்து இறங்க அவற்றுக்கு ஒரு ரிசெப்டர் வேண்டும். அது இந்தக் குழந்தைக்கு இல்லை என்று குற்றாலலிங்கம் அடித்துச் சொல்லியிருந்தார்.

அந்த ரிசெப்டர் இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். விட்டால் அடுத்த காய்ச்சலில் குழந்தை தங்காது. இருக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

“இருக்கு மேடம். நல்லாவே மின்னுது. வந்து பாருங்க.”

ஷாஹிதா திரையைப் பார்த்தார். பச்சைக்கான மேடு, மின்னும் அணுக்கள் குவிகிற வலது பக்கம் தள்ளி எழுந்திருந்தது.

“ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க சார்.”

“பின்ன? தாய் வெளிய நிக்கா. ஊருக்குப் போம்மான்னு சொல்லலாம்.”

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சந்தோஷமா, அவர் சொன்னது தப்புன்னு சந்தோஷமா?”

“ரெண்டும்தான். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதா?”

“இருக்கலாம்.”

ஒருமுறை டாக்டர்கள் நிறைந்த கூட்டத்தில் எபநேசர் ஒரு சந்தேகம் கேட்க எழுந்து நின்றபோது குற்றாலலிங்கம், “ரத்தப் பையை அடுக்கி வைக்கிறவருக்கு இதெல்லாம் எதுக்குய்யா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள், யார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள் என்பது எபநேசருக்கு இன்றைக்கும் தெரியும். அப்படிப்பட்டது மறக்காது. மறந்துவிடு என்று சொல்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் இல்லை.

“இன்னொரு டியூப் போட்டீங்களா சார்?” என்று கேட்டார் ஷாஹிதா.

“எதுக்கு மேடம்? இதுவே இவ்வளவு தெளிவா இருக்கே.”

ஷாஹிதா ஒரு சிறிய குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குள்ளும் ஆன்டிபாடிதான். அதே பச்சைச் சாயம். ஆனால் மனித உடம்பில் எந்த ரிசெப்டரையும் அதற்குத் தெரியாது. யாருடைய ரத்தத்தில் விட்டாலும் அது ஒட்டக் கூடாது.

எபநேசர் சிரித்தார். “யாரையுமே தெரியாதவன்கிட்ட போய் சாட்சி கேக்கச் சொல்றீங்க.”

“அவன்கிட்டதான் சார் முதல்ல கேக்கணும். மீதி ரத்தம் இருக்கா?”

“இல்லாம?” என்று அவர் குளிர்பெட்டியைத் திறந்து டியூபை எடுத்தார்.

ஷாஹிதா குளிர்பெட்டியையும் அவரையும் பார்த்தார்.

“ராத்திரி பூரா அங்கயா இருந்துச்சு?”

“ரத்தத்த வேற எங்க மேடம் வைப்பாங்க?”

ரத்த வங்கியில் இருந்தவர் அப்படித்தான் கேட்பார். அங்கே ரத்தத்தை வெளியில் வைப்பதுதான் குற்றம்.

யாரையும் அறியாத ஆன்டிபாடியை அந்த ரத்தத்தில் விட்டார்கள். காத்திருந்து, கழுவி, இயந்திரத்தில் வைத்தார்கள். திரையில் புதிய மேடு எழுந்தது. பழைய மேட்டின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.



“வெள்ளை அணுவுக்குக் குளிர் ஆகாது சார்” என்றார் ஷாஹிதா. “பாதிக்கு மேல செத்துப்போச்சு. செத்தது எதைக் கொடுத்தாலும் வாங்கி ஒட்டிக்கும்.”

“அப்ப நான் பாத்த பச்சை?”

“பச்சைதான். ஆனா ரிசெப்டரைக் காட்டுன பச்சை இல்ல.”

எபநேசர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்பியிருப்பேனே மேடம்.”

“அனுப்பலையே. பிள்ளைய உள்ள கூட்டிட்டு வாங்க.”

தாயின் பெயர் சுடர்மணி. குழந்தையின் காதோரத்தில் ஒரு புண், ஈரம் இல்லாமல் சிவந்து கிடந்தது. குழந்தை அதைப் பொருட்படுத்தாமல் எபநேசரின் அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்தது.

“ஏ, விடுல! டாக்டர் சட்டையெல்லாம் எச்சி” என்றாள் தாய்.

“கடிக்கட்டும்மா. அந்த போட்டோவ எனக்கே புடிக்காது.”

சுடர்மணி சிரித்தாள். பிறகு கேட்டாள். “இன்னைக்கு ஊருக்குப் போயிரலாமா சார்? மூத்தவள பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துருக்கேன்.”

எபநேசர் குழந்தையைப் பார்த்தார். “நேத்து எடுத்த ரத்தத்த நான்தாம்மா கெடுத்துட்டேன். இன்னொரு தடவை கொஞ்சூண்டு எடுக்கணும்.”

அவள் குழந்தையின் கையை நீட்டிக் கொடுத்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்க, குழந்தையின் ரத்தத்தோடு நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் போடுவது அங்கே வழக்கம். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் முறை வைத்துக் கை நீட்டுவார்கள்.

“இன்னைக்கு யாரு கை? ராத்திரி பிரியாணி சாப்பிட்டவங்க வேண்டாம், கொழுப்பு மிதக்கும்” என்றார் ஷாஹிதா.

“ராத்திரி கஞ்சிதான். என் கைய எடுங்க” என்று எபநேசர் சட்டையைச் சுருட்டினார்.

இந்த முறை டியூப் எதுவும் குளிர்பெட்டிக்குப் போகவில்லை. எபநேசரின் அணுக்கள் வலது கோடியில் பளிச்சென்று மின்னின. குழந்தையின் அணுக்கள் உயிரோடு, வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இருட்டில் கடந்துபோயின. யாரையும் அறியாத ஆன்டிபாடி இரண்டு ரத்தத்திலும் ஒட்டவில்லை.

ரிசெப்டர் இல்லை.

ஷாஹிதா முதுகை நிமிர்த்தினார். “நேரத்தோட கண்டுபிடிச்சிட்டோம் சார். மூத்த பொண்ணு இருக்கான்னு சொன்னாங்கல்ல, அவளோட மஜ்ஜை பொருந்துதான்னு பாக்கலாம். வார்டுக்கு போன் போட்டுச் சொல்லிருங்க.”

“நீங்க சொல்லிருங்க மேடம்.”

“டெஸ்ட் போட்டது நீங்க.”

எபநேசர் போனைப் பார்த்தார். கையைப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு அத்தனை பேர் முன்னால என்னை அப்படிக் கேட்டான். நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு இன்னைக்கு நானே அவனுக்குச் சொல்லணுமா?”

ஷாஹிதா திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

“பிள்ளை ரத்தத்த ஒவ்வொரு அணுவா பாத்தாச்சு சார். அதுல அவரும் இல்ல, நீங்களும் இல்ல.”