மைனா கற்ற பங்களாப் பேச்சு

அந்தக் காலத்தில், வாய் இருந்த எல்லா உயிரும் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கு மலையில் பொன்னலகி என்று ஒரு மைனா இருந்தாள். பேச்சு எல்லோருக்கும் பொது என்றாலும் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி வாய்த்துவிடவில்லை. மிளா மானுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அணில் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடும். காட்டுப்பன்றி பேச ஆரம்பித்தால் எச்சில் தெறிக்காத தூரத்தில் நின்றுதான் கேட்க வேண்டும். பொன்னலகிக்குத்தான் நாக்கில் சொல் ஊறிக்கொண்டே இருந்தது. அதனால் மலையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவளைத் தேடித்தான் ஓடும்.

அவள் வந்ததும் அழமாட்டாள். செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டாரிடம் ஒவ்வொன்றாக விசாரிப்பாள். என்ன தின்னப் பிடிக்கும், யாரோடு சண்டை, எந்தக் கிளையில் தூக்கம், கோபம் வந்தால் என்ன செய்வார். எல்லாம் கேட்ட பிறகுதான் பாட வாயைத் திறப்பாள். கிழட்டு மிளா செத்த அன்று, மழைக்கு எல்லோரையும் பாறையடியில் ஒதுங்கவிட்டு அவர் மட்டும் வெளியே நனைந்து நின்றதை அவள் பாடினாள். அவரோடு வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத தம்பி மிளா தரையில் விழுந்து புரண்டார். அப்படி அழுது தீர்த்தால்தான் வீட்டார் பிணத்தை விட்டு எழுந்திருப்பார்கள், மறுநாள் இரை தேடப் போவார்கள். செத்தது பிள்ளை என்றால், பொன்னலகி பாடி முடிக்கிற வரை தாய் அதை மடியிலிருந்து இறக்கமாட்டாள்.

பாட்டு முடிந்ததும் பொன்னலகி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பறந்துபோய்விடுவாள். சாவு வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அது அந்த மலையில் எறும்புக்குக்கூடத் தெரியும்.

லேசான வேலை இல்லை அது. ஒருவருக்குப் பாடியது இன்னொருவருக்கு ஆகாது, ஒவ்வொரு சாவுக்கும் புதிதாகச் சொல் தேட வேண்டும். கூட்டுக்குத் திரும்பினால் தொண்டை ரணமாக இருக்கும், இரை இறங்காது. அவள் பாட்டைப் பாராட்ட மலை முழுக்க ஆள் இருந்தது. நீ சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஒரு நாதி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை போடுவதற்காக இரண்டு வெள்ளைக்காரர்கள் மலைமேல் வந்து பங்களா கட்டினார்கள். ஒருவர் சீமைத் துரை, மற்றவர் அமெரிக்காக்காரர். வராந்தாவில் பிஸ்கட் தூள் விழும் என்று பொன்னலகி அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். பிஸ்கட்டோடு சேர்ந்து பேச்சும் விழுந்தது.

அதைப் பேச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீமைத் துரை எதைச் சொன்னாலும் ‘டு பி ஆனஸ்ட்’ என்று ஆரம்பிப்பார். உண்மையைச் சொல்லப்போனால் டீ ஆறிவிட்டது, உண்மையைச் சொல்லப்போனால் மழை பெய்கிறது. அப்படியானால் இதுவரை சொன்னதெல்லாம் புளுகா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று மரியாதையாகத் தொடங்கினார் என்றால் அடுத்து வருவது ஏச்சு. அமெரிக்காக்காரரோ காலையில் பல் துலக்கும்போதே ‘அட் த எண்ட் ஆஃப் த டே’ என்பார், நாளின் முடிவில் பார்த்தால் என்று. ‘லிட்டரலி’ என்று ஒன்றைக் கையோடு வைத்திருந்தார். பசியில் நான் நிஜமாகவே செத்துவிட்டேன் என்பார். செத்தவர் எழுந்துபோய் முட்டை தின்பார். இதில் கூத்து என்னவென்றால், ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஆகாது. அமெரிக்காக்காரர் ‘ஹேவ் எ நைஸ் டே’ என்றால் துரை பல்லைக் கடிப்பார். துரை ‘நாட் டூ பேட்’ என்றால் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். தன் வாயிலிருந்து வருவது மட்டும் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

ஒருநாள் துரையின் நாய் செத்துப்போனது. பொன்னலகி பழக்கத்தில் இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். அமெரிக்காக்காரர் வந்து துரையின் தோளைத் தட்டி ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்றார், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று. துரை ‘இட் இஸ் வாட் இட் இஸ்’ என்றார். அது அப்படித்தான், என்ன செய்ய என்று பொருள். ‘சீ யூ லேட்டர்’ என்று சொல்லி அமெரிக்காக்காரர் கிளம்பிவிட்டார். ஊற்றி வைத்திருந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. துரை அதை எடுத்துக் குடித்தார்.

பொன்னலகிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு சாவை இத்தனை சுலபமாக முடித்துவிடலாமா? யாரையும் விசாரிக்க வேண்டாம், தொண்டை வலிக்காது, எல்லாச் சாவுக்கும் அதே சொல் போதும். அந்த மழைக்காலத்தில் மலையெங்கும் காய்ச்சல் பரவி வீட்டுக்கு வீடு சாவு. அவள் களைத்துப்போயிருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். முயல் வீட்டில் முதல் முதலாக அந்தப் பேச்சை எடுத்தாள். முயல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீரிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பொன்னலகி சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு, தாங்களாகவே எப்படியோ அழுது முடித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொண்டது. அணில் ‘பேசிக்கலி’ என்று தொடங்காமல் ஒரு பழம்கூடக் கேட்பதில்லை.

அப்போதுதான் சடைச்சியின் பிள்ளை செத்தான். சடைச்சி ஒரு மந்தி. வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, மழையில் வழுக்கிய கிளையிலிருந்து விழுந்துவிட்டான். அவள் பலாமரத்தின் கவட்டையில் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொன்னலகி வந்தாள். ஒன்றும் விசாரிக்கவில்லை. ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்றாள். ‘இட் இஸ் வாட் இட் இஸ்’ என்றாள். கூடவே வாய்ப்பழக்கத்தில் ‘சீ யூ லேட்டர்’ என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

கடைசியாகச் சொன்னதற்கு என்ன பொருள் என்று சடைச்சி அணிலைக் கேட்டாள். அப்புறம் வந்து பார்க்கிறேன் என்று பொருள் என அணில் சொன்னதும் மரத்திலிருந்த மந்திகள் பதறிப்போயின. சாவு வீட்டில் இப்படியா சொல்வது, இன்னும் யாரைக் கொண்டுபோகப் போகிறாள் என்று கிழட்டு மந்தி காறித் துப்பியது. சடைச்சி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்போ வருவா. வந்து பாடுவா. அதுவரைக்கும் இவன் என் மடியிலயே இருக்கட்டும்.”

அவள் காத்திருந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. பிள்ளையின் உடம்பு சுருங்க ஆரம்பித்தது. அவள் ஈயை ஓட்டிக்கொண்டு, அவன் மயிரைக் கோதிக்கொண்டு, பங்களா இருந்த திசையைப் பார்த்தபடி இருந்தாள். புருஷன் கொண்டுவந்த பழம் கிளையிலேயே அழுகி விழுந்தது.

அணிலுக்குத்தான் பொறுக்கவில்லை. பங்களாவுக்கு ஓடிப்போய்ப் பொன்னலகியிடம் சொன்னது. “அவ உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா அக்கா. நீங்க வரேன்னு சொன்னீங்களே.”

தான் அப்படிச் சொன்னதே பொன்னலகிக்கு நினைவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. வாயில் இருந்த பிஸ்கட் தூளைத் துப்பிவிட்டு அந்த நிமிஷமே பறந்தாள்.

பலாமரத்தில் சடைச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை எப்படி இருப்பான், என்ன பிடிக்கும் என்று முன்போல விசாரிக்க வாயைத் திறந்தாள். ‘ஹவ் ஆர் யூ’ என்று வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் அதே. சடைச்சி கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“இடி இடிச்சா பயப்படுவான் அக்கா. தலையை மட்டும் என் வயித்துல புதைச்சுக்குவான், வாலு வெளியில கிடந்து நனையும். தலையை மறைச்சாப் போதும், முழுசா மறைஞ்சாச்சுன்னு அவனுக்கு நினைப்பு. பலாக்கொட்டையைக் கன்னத்துல ஒதுக்கிட்டு வந்து எனக்குத் துப்பிக் கொடுப்பான். அம்மாவுக்குப் பல்லு இல்லைன்னு எவனோ அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கான். விழுந்தப்பகூடக் கன்னத்துல ஒண்ணு இருந்துச்சு. அதைப் பாடுங்கக்கா. அதை மட்டும் பாடுங்க போதும், நான் இவனை இறக்கிடுறேன்.”

பொன்னலகிக்கு எல்லாம் கண்முன் நின்றது. நனைந்த வாலும் தெரிந்தது, உப்பின கன்னமும் தெரிந்தது. அவள் அலகைத் திறந்தாள்.

‘டு பி ஆனஸ்ட்’ என்று வந்தது.

தலையை உதறினாள். ‘அட் த எண்ட் ஆஃப் த டே’ என்று வந்தது. தன் சொந்தச் சொற்களில் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும் என்று உள்ளே தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. நடக்காமல் விட்ட வழியில் புல் மூடுவதுபோல எல்லாம் மூடிக் கிடந்தது. அலகைக் கிளையில் மோதினாள், ரத்தம் வரும் வரை மோதினாள். கடைசியில் ‘எவ்ரிதிங் ஹேப்பன்ஸ் ஃபார் எ ரீசன்’ என்று தெளிவாக, துரையின் குரலிலேயே சொன்னாள்.

சடைச்சி அணிலைப் பார்த்தாள். எல்லாம் ஒரு காரணமாகத்தான் நடக்கிறது என்று அதற்குப் பொருள். அணில் தலையைக் குனிந்துகொண்டது, சொல்லவில்லை.

சடைச்சி திட்டவில்லை. பொன்னலகியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்தவனிடம் குனிந்தாள்.

“அக்கா இன்னும் வரலடா. வரட்டும்.”

அவனை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவினாள்.

அதைப் பார்த்த உயிர்கள் பயந்துபோயின. தங்கள் வாயிலிருந்தும் என்ன வருமோ என்று ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. பொன்னலகியால் விட முடியவில்லை. சடைச்சியின் பின்னாலேயே போனாள். வழியில் ஆட்டுக்காரன் ஏதாவது சொன்னால் அதைச் சொல்லிப் பார்த்தாள். விறகு பொறுக்க வந்த பெண் பிள்ளையைக் கூப்பிட்டால் அதையும் சொல்லிப் பார்த்தாள். சடைச்சி ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பாள், இல்லை என்று தெரிந்ததும் நடந்துவிடுவாள்.

அன்று முதல்தான் மைனா, இதுவாவது அந்தச் சொல்லாக இருக்காதா என்று, காதில் விழுகிறதையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறது. மந்தியும் செத்த பிள்ளையை இறக்கி வைக்காமல், காய்ந்து சருகான பிறகும் மாரில் சுமந்துகொண்டு மரம் மரமாகத் திரிகிறது.