கட்டு அவிழ்க்காத கலயம்

வைத்தியர் வடிவம்மைக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் பிரமநாயகத்துக்கு அறுபத்தொன்று. தபால்காரராக இருந்து, ஓய்வு பெற்றபின் மூலிகை படிக்க வந்தவர்.

அன்று காலை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். பேத்தி குழலிக்கு முகமெல்லாம் வீக்கம், சிறுநீரில் நுரை. சிறுநீரக அழற்சி என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள்.

"பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருதேன்மா. மூக்கிரட்டை வேர்ப்பொடி கொடுங்க, போதும்."

"அதுக்கு நோய் கேக்குமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க?" வாசல் வேம்படியைக் காட்டினார்.

அங்கே ஒரு வழக்கம். அந்தப் பொடி தின்று குணமானவர்கள், வாங்கிப்போன மண்கலயத்தைக் கொண்டுவந்து வேம்படியில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

"பதினாலு கலயம் இருக்கு. இதைவிடச் சாட்சி வேணுமா?"

"எத்தனை போச்சு?"

நோட்டைப் புரட்டினார். "நாப்பது."

"மிச்சம் இருபத்தாறு எங்கே, அண்ணாச்சி?"

பிரமநாயகம் மறுபடி நோட்டைப் புரட்டினார்.

வடிவம்மை ஒரு கலயத்தில் பொடி நிரப்பி, துணியால் வாய்கட்டிக் கொடுத்தாள்.

"பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும். நீங்க அந்த இருபத்தாறு வீட்டுக்கும் போயிட்டு வாங்க. கட்டை அப்புறம் அவிழ்க்கலாம். வீடு வீடாப் போறது உங்களுக்குப் புதுசா?"

முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். போனாரே, அது போதும்.

பத்து நாள் நடந்தார். ஒரு வீட்டில் கலயத்தில் உப்பு இருந்தது. ஆள் நல்ல சுகம். திருப்பித் தரச் சோம்பல். இன்னொரு வீட்டில் கசக்கிறதென்று பொடியை வாழைக்குக் கொட்டியிருந்தார்கள். வாழை செழிப்பாக இருந்தது. வீக்கம் வடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் பலர். ஒரு வீட்டில் மாலை போட்ட படம். படத்தடியில் அதே கலயம், ஊதுபத்தி செருகியபடி. அங்கே யாரும் அவரை ஏசவில்லை. மோர் கொடுத்தார்கள். குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார்.

பதினோராம் நாள் முகம் மலர வந்தார். நேரே வேம்படிக்குப் போய்க் கையிலிருந்த கலயத்தை வரிசையில் வைத்தார். பதினாலும் கவிழ்ந்து கிடக்க, இது மட்டும் நிமிர்ந்து நின்றது.

"குழலிக்கு வீக்கம் வடிஞ்சிட்டும்மா! இட்லி கேட்டு நர்ஸோட சண்டை போடுதா."

"பொடி தின்னாளா?"

"இல்ல. கட்டே அவுக்கல. ஆஸ்பத்திரி மருந்துதான்."

"பிறகு கலயத்தை எதுக்கு அங்க வச்சீங்க?"

"குணமாயிட்டால்லா. சும்மா இருக்க மனசு வரல."

வடிவம்மை சிரித்தாள். "கூடவே ஒரு கரண்டி பொடியும் கொடுத்திருந்தா, பதினஞ்சுன்னு எழுதியிருப்பீங்க."

பிரமநாயகம் வேம்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"அப்போ நம்ம பொடி வீண்தானா?"

"யாரு சொன்னா? எனக்கும் தெரியணும். கலயம் கொண்டுவந்து வச்ச பதினாலு வீடு இன்னும் பாக்கி. அவங்க கூடவே வேற என்ன மருந்து சாப்பிட்டாங்கன்னு கேட்டுட்டு வாங்க, அண்ணாச்சி. போறதுக்கு முன்னால அந்தத் தேஞ்ச செருப்பை மாத்துங்க."