தாழையடிக்குளம் என்றொரு பள்ளம்

கோமதிநாயகம் மரியபுஷ்பத்திடம் பாடம் கேட்க வந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. மரியபுஷ்பத்துக்கு நாற்பத்திரண்டு. நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் கோமதிநாயகம். செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் ஒரு வண்டிக்குத் தினமும் வழி வரைந்து கொடுக்கும் குழுவுக்கு மரியபுஷ்பம் தலைவி.

முதல் நாள் மரியபுஷ்பம் ஒரு படத்தை அவர் கையில் கொடுத்தார்.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"பள்ளம்மா."

"மேடா இருந்தா?"

அவர் முழித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினால் பள்ளமாகவும் மறுபக்கம் திருப்பினால் மேடாகவும் இருந்தது.

"வெயில் எங்கேருந்து விழுதுன்னு முதல்ல பாருங்க. அப்புறம் நிழலைப் பாருங்க. என்னன்னு சொல்றது கடைசி."

அந்த ஒரு பாடத்தைத்தான் அவர் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாயில் பெரிய பள்ளங்களுக்கு மறைந்த விஞ்ஞானிகளின் பெயர். சின்னப் பள்ளங்களுக்குப் பூமியில் லட்சம் பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களின் பெயர். வெளிநாட்டில் ஒரு சபை இருந்து அதை முடிவு செய்யும். அந்தச் சபை கண்டுகொள்ளாத குட்டிப் பள்ளங்கள் வண்டியின் வழியில் எத்தனையோ. "அந்தப் பள்ளம், இந்தப் பள்ளம்" என்று பேசினால் வேலை நடக்காது. அதனால் குழுவுக்குள்ளேயே ஆள் மாற்றி ஆள் முறை வைத்துப் பெயர் இடுவார்கள். அதற்கும் சின்ன ஊர்கள்தான். ஒருமுறை வைத்த பெயரை அழிக்கும் வழக்கமில்லை. நேற்றைய குறிப்பில் ஒரு பெயர், இன்றைக்கு வேறு பெயர் என்றால் வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

அப்படி நாற்பத்தோரு பெயர்கள். பெரு நாட்டு மலையூர் ஒன்று, நார்வேயின் மீன்பிடி ஊர் ஒன்று. மூன்றாவது பள்ளம் சிப்பித்துறை. கோமதிநாயகம் வருவதற்கு முன்னால் அங்கேதான் வண்டியின் முன்சக்கரம் மணலில் புதைந்து பத்தொன்பது நாள் நின்றது. வண்டி அந்த வட்டாரத்தையே சுற்றி வந்ததால், தினமும் காலையில் புது வரைபடத்தில், வண்டி நெருங்கக் கூடாது என்று சிப்பித்துறையைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுப்பதுதான் அவருடைய முதல் வேலை. வண்டி ஓட்டும் பர்வீனுக்கு அந்தப் பெயர் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. டீ சிந்தினாலும் "போச்சு, சிப்பித்துறை" என்பாள்.

நாற்பத்திரண்டாவது கோமதிநாயகத்தின் முறை. அவர் யோசிக்கவே இல்லை. "தாழையடிக்குளம்" என்று எழுதினார். அவர் பிறந்த ஊர். நானூறு வீடு. பஸ் உள்ளே வராது. மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் அவளிடமிருந்து போன்.

"ஏலே, நம்ம ஊரு போட்டோ எப்ப வரும்? பஞ்சாயத்து ஆபீஸ்ல மாட்ட இப்பவே சட்டம் வாங்கி வச்சாச்சு."

"வந்துரும்க்கா. வண்டியை விளிம்புலயே கொண்டு நிறுத்தி எடுக்கச் சொல்றேன். உள்ளுக்குள்ள அடி வரைக்கும் தெரியும்."

மூன்று வாரம் கழித்து வண்டி அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

அன்று காலையில் வழியை வரைந்துகொண்டே கோமதிநாயகம் கேட்டார். "அம்மா, நாப்பத்திரண்டு பள்ளம் ஆச்சு. எல்லாரும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச ஊரா வைக்கிறோம். நீங்க ஏன் உங்க ஊர் பேரை வைக்கல?"

மரியபுஷ்பம் தன் ஊரைப் பற்றிப் பேசியதில்லை. கேட்டால் "தூத்துக்குடிப் பக்கம்" என்பார், அவ்வளவுதான்.

"பதில் சொல்றேன், அண்ணாச்சி. இன்னைக்கு வழியை முடிங்க."

முடித்தார். வழி பள்ளத்தின் கிழக்கு விளிம்புக்கு அரை மீட்டர் முன்னால் போய் நின்றது. பர்வீன் வந்து பார்த்தாள்.

"இது வழியா அண்ணாச்சி, இல்ல மொட்டை மாடிச் சுவர்லேருந்து எட்டிப் பாக்கிறதா?"

"ஒன்பது டிகிரி சரிவும்மா. சைக்கிளே போகும்."

"எனக்குப் பதினேழு தெரியுது."

"அந்த ஊரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஊரா?" பர்வீன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சறுக்கினா நான் 'நில்லு'ன்னு சொல்றது அங்க போய்ச் சேரவே பதினஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள வண்டி உள்ள கிடக்கும். பத்து வருஷமா செஞ்ச வண்டி. நம்மகிட்ட வேற வண்டி இல்ல."

"நான் முப்பது வருஷம் நிலம் அளந்தவன்."

"இன்னொரு சிப்பித்துறை வேண்டாம்னு சொல்றேன். வேற ஒண்ணுமில்ல."

நாலு மணிக்குள் கட்டளையை அனுப்பியாக வேண்டும். இருவரும் மரியபுஷ்பத்தைப் பார்த்தார்கள்.

மரியபுஷ்பம் யார் சொன்னது சரி என்று சொல்லவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் புதிதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். மேஜை டிராயரிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து விரல் அகலத்துக்குக் கிழித்தார். படத்தில் 'தாழையடிக்குளம்' என்ற எழுத்தின் மேல் அதை ஒட்டினார்.

"இது நேத்துக் கண்ணுல பட்ட பள்ளம், அண்ணாச்சி. இதுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கல. வண்டியை அனுப்பலாமா, பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

கோமதிநாயகத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெயில் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தார். மேற்கிலிருந்து. அப்படியென்றால் பள்ளத்தின் கிழக்குச் சுவர் முழுக்க வெளிச்சமாக இருக்க வேண்டும்.

இருந்தது. ஆனால் விளிம்புக்குச் சற்றுக் கீழே, அந்த வெளிச்சத்துக்கு நடுவில், நூல் மாதிரி ஒரு கறுப்பு.

காலையிலும் அதைப் பார்த்திருந்தார். பென்சில் தூள் என்று நினைத்து ஊதிவிட்டிருந்தார்.

இது புதுப் பிரதி. இப்போதும் அது அங்கேயே இருந்தது. விளிம்புக்குக் கீழே மண் இல்லை. விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

பிறகு எழுந்து மரியபுஷ்பத்தின் மேஜைக்குப் போனார்.

"இதுக்கு அனுப்ப மாட்டேன்மா."

"சரி."

"எங்க ஆபீஸ்ல சொந்தக்காரன் நிலம்னா நாங்க அளவுச் சங்கிலியையே தொட மாட்டோம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்துருவோம். எனக்கு இது ஞாபகமே வரல பாருங்க."



அவர் பழைய வழியை அழித்தார். முப்பது மீட்டர் தள்ளியே வண்டியை நிறுத்தும்படி வேறு வழி போட்டார். பள்ளத்தைச் சுற்றிச் சிவப்புக் கோட்டைத் தன் கையாலேயே இழுத்தார். பர்வீன் அதை வாங்கிக்கொண்டு போனாள். நாலு மணிக்குக் கட்டளை போயிற்று.

மறுநாள் வண்டி அனுப்பிய படம் வந்தது. விளிம்புக்கு இந்தப் பக்கம் தரையில் நீளநீளமாக விரிசல்கள். முந்தின நாள் காலையில் அவர் வண்டியை நிறுத்த நினைத்த இடம் அந்த விரிசல்களுக்கு அப்பால் இருந்தது.

பர்வீன் அதை வெகுநேரம் பார்த்தாள். எழுந்து போய் ஒரு டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க அண்ணாச்சி. ஆறு சக்கரமும் உங்க கணக்குல."

அக்காவுக்குப் படத்தை அனுப்பினார். உடனே போன் வந்தது.

"என்னலே இது, ஒரு கோடுதான் தெரியுது? பள்ளம் எங்க?"

"மெயின் ரோட்டுல நின்னு எடுத்ததுக்கா. வண்டி உள்ள போகாது."

அக்கா சிரித்தாள். "அப்ப நம்ம ஊரேதான். சட்டத்துல போட்டுருதேன்."

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு கோமதிநாயகம் அந்தப் பிரதியையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மரியபுஷ்பத்திடம் போனார். பிரதியில் வெள்ளைத் தாள் இன்னும் பெயரின் மேல் ஒட்டியிருந்தது.

"இப்படியே இருக்கட்டுமாம்மா? வேற பேர் போட்டுரலாமா?"

மரியபுஷ்பம் நகத்தால் தாளின் ஓரத்தைக் கிளப்பி, எழுத்துக் கிழியாமல் மெதுவாக உரித்து எடுத்தார்.

"வச்ச பேரை அழிக்கிற வழக்கமில்லையே. இனிமே பர்வீன் இந்தப் பேரைச் சொல்லித்தான் ஒதுங்கிப் போவா. சக்கரத்தைக் காப்பாத்துற பேரு. இருக்கட்டும்."

அவர் வரைபடத்தைச் சுருட்டப் போனார். பிறகு நிறுத்தினார்.

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை. நாப்பத்திரண்டுல ஒண்ணுக்காவது உங்க ஊர் பேரை வச்சிருக்கலாம்."

மரியபுஷ்பம் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். மூன்றாவது பள்ளத்தைத் தேடி, அதைச் சுற்றியிருந்த சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"சிப்பித்துறை எங்க ஊருதான், அண்ணாச்சி. ரெண்டு வருஷமா நீங்க தினமும் அதுக்குக் காவல் இருக்கீங்க."